முக்காலிக்கு அரை டிக்கெட்

திண்டுக்கல் செண்பகம் காலனியில், சந்தைக்குப் புதிதாக வரும் கேமரா சாமான்களையும் வீட்டுச் சாமான்களையும் வரவழைத்துப் பயன்படுத்திப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் தமயந்தியின் வீட்டில், மழை விட்ட ஒரு காலையில், கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அனுப்பியிருந்த கேமரா ஸ்டாண்டு அவளுடைய கணவர் பரஞ்சோதியின் பின்னாலேயே நடந்து அடுப்படிக்குள் போயிற்று. ஒரு ஸ்டாண்டு எப்படி நடக்கும் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறடி உயரமுள்ள பரஞ்சோதி தன் சொந்த வீட்டில் எதற்காகக் குழந்தையைப் போலத் தவழ்ந்து அடுப்படிக்குப் போனார் என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

பரஞ்சோதி நத்தம் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய ஒரே மகள் சுபாஷிணி, வழியில் இருக்கும் கோபால்பட்டியில் தண்ணீர் கேன் போடுகிற சகாயராஜைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது அவர் கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பதிவு அலுவலகம் வரைக்கும் மனைவியின் பின்னால் போனார். போட்டோ எடுக்கிறவன், "பொண்ணோட அப்பா கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லுங்க" என்று சொன்ன நேரத்தில்தான் அவருக்குள் என்னவோ முறுக்கிக்கொண்டது. நிற்காமல் வாசலுக்குப் போனவர், அங்கிருந்து திரும்பி மகளைப் பார்த்து, "நான் விசில் அடிக்கிற வண்டியில இனி நீ கால் வைக்கக் கூடாது" என்றார். ஒரு கண்டக்டரால் விதிக்க முடிந்த தண்டனை அவ்வளவுதான். சுபாஷிணியும் அப்பனுக்குப் பிறந்தவள் என்பதால் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வேறு எந்த வண்டி எவ்வளவு கூட்டமாக வந்தாலும் அதில் ஏறுவாள், அப்பாவின் வண்டி காலியாக வந்தாலும் ஏற மாட்டாள். அன்றிலிருந்து பரஞ்சோதி எந்த கேமராவுக்குள்ளும் விழுவதில்லை என்று இருந்தார்.

கேமராவுக்குள் விழுவதில்லை என்று இருக்கிற மனிதருக்கு மனைவியாக வாய்த்தவளோ நாள் முழுக்க கேமராவுக்கு முன்னால் நிற்கிறவள். 'தமயந்தி வாங்கிப் பார்த்தாச்சு' என்ற அவளுடைய சேனலில் வெட்டுகிற மெஷினைக் கருணைக்கிழங்கு கொடுத்துத்தான் சோதிப்பாள். போனில் மாட்டுகிற பூதக்கண்ணாடி லென்ஸ் பூ எடுப்பதற்கு என்று பெட்டியில் போட்டிருந்தால், அரிசியில் வண்டு இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது என்பாள். முகத்துக்கு வெளிச்சம் காட்டும் வட்ட விளக்கு பேன் பார்க்க எவ்வளவு வசதி என்று அவள் சொன்ன பிறகு அந்த விளக்கு மாவட்டம் முழுக்க விற்றது என்பார்கள். அவள் ஹாலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பரஞ்சோதிக்குத் தாகம் எடுத்தால், கேமராவின் பார்வைக்குக் கீழே நாலுகாலில் ஊர்ந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே வழியில் ஊர்ந்து திரும்புவார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஊர்ந்தார். தமயந்தி ஸ்டாண்டில் தன் பழைய போனை மாட்டி, இதன் கால்கள் எத்தனை உறுதி, கழுத்து எப்படி நீளும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டு அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மெல்லக் கழுத்தைத் திருப்பியது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மற்ற இரண்டையும் எடுத்து வைத்து, தரையில் போகிற பரஞ்சோதிக்குச் சமமாகக் குனிந்துகொண்டு அவர் பின்னாலேயே போயிற்று. அடுப்படியில் சொம்பை வாயில் வைத்த பரஞ்சோதி அதைப் பார்த்து, தமயந்தி தன்னைப் பிடிக்க வைத்திருக்கும் புது ஏற்பாடு இது என்று நினைத்துக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடினார். கேமரா போய்விட்டதால் வெறும் சுவரைப் பார்த்து நின்ற தமயந்தி, பேச்சை நிறுத்துவது வழக்கமில்லை என்பதால், "இதுல இன்னொரு வசதியும் இருக்குங்க, நடக்குது" என்று சொல்லி முடித்தாள்.

பக்கத்து வீட்டு ஜைனம்பு முதலில் வந்து பார்த்தாள். அது என்ன சாப்பிடும் என்று கேட்டாள். சாப்பிடாது, மத்தியானம் ஆனால் தானே போய் ப்ளக்குக்குப் பக்கத்தில் நிற்கும், வயரைச் சொருகிவிட்டால் போதும் என்று தமயந்தி சொன்னதும், அப்படியானால் என் வீட்டுக்காரரை விடச் செலவு குறைவு என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலைக்குள் காலனியே அதற்கு முக்காலி என்று பெயர் வைத்துவிட்டது. மாட்டிய பழைய போனை அது பிறகு விடவே இல்லை. எவ்வளவு திருகினாலும் பிடி இளகவில்லை. அதனால் எங்கே போனாலும் போனோடுதான் போனது, போகிற இடமெல்லாம் படம் எடுத்தது.

தெரு நாய்கள் ஒரு நாள் குரைத்தன, மறுநாள் முகர்ந்தன, அதற்கடுத்து அதன் மூன்று கால்களுக்கு நடுவே நிழல் விழும் இடத்தில் படுத்துத் தூங்கப் பழகின. காலனிச் சங்கச் செயலாளர் குற்றாலிங்கம், கயிறு இல்லாமல் அது வெளியே நடமாடலாமா என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டார்; கூட்டத்துக்கு முக்காலியும் வந்து கடைசி வரிசையில் நின்று முழுக்கப் பதிவு செய்ததால், அவரும் அன்றைக்கு மட்டும் நிதானமாகவும் மரியாதையாகவும் பேசி, நடமாடலாம் என்றே முடித்தார். ரேஷன் கடை வரிசையில் பையையும் செங்கல்லையும் வைத்து இடம்பிடித்தவர்கள், எண்ணெய் போடுகிற நாளில் முக்காலியைக் கூப்பிட்டுப் போய் நிறுத்தினார்கள். அதை ஒருவரும் தள்ளிவிட்டு முன்னால் போகவில்லை, ஏனென்றால் யார் தள்ளினார்கள் என்பது அதற்குத் தெரியும். குப்பை கொட்டப் போகிற பெண்கள் இஸ்திரி போட்ட சேலையில் போனார்கள். குற்றாலிங்கம் மீசைக்கு மை போட்டார். காலனியில் பத்திரிகை வைக்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள், குடும்பத்தோடு வரவேண்டும் என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டு, மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று முக்காலியின் பக்கமும் திரும்பி ஒரு முறை சொன்னார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் தமயந்தி வீட்டு டிவியில் அன்றைக்கு முக்காலி எடுத்ததையெல்லாம் காலனி உட்கார்ந்து பார்க்கும். வழக்கமாகப் படம் எடுக்கிறவர்கள் எடுக்கிற எதையும் அது எடுத்திருக்காது. கேக் வெட்டுகிற வீட்டுக்குப் போனாலும் கேக்கை விட்டுவிட்டு, பின்னால் பலூன் ஊதி ஊதிக் கன்னம் வலித்து உட்கார்ந்திருக்கிற மாமாவை எடுத்திருக்கும். ஜைனம்பு மீனில் முள்ளைத் தனியே பிரித்து, பூனையோடு சண்டை போட்டுக்கொண்டே அதற்கு ஊட்டிவிடுவதை எடுத்திருந்தது. குற்றாலிங்கம் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளை நிற்க வைத்து ஆண்டுவிழாப் பேச்சை ஒத்திகை பார்ப்பதை எடுத்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவர் சிரித்ததுதான் அதிகம். இதெல்லாம் போக மிச்சமிருந்ததெல்லாம் பரஞ்சோதி. பரஞ்சோதி செருப்பைத் தேடுவது, பரஞ்சோதி வாயைத் திறந்துகொண்டு தூங்குவது, கதவுக்குப் பின்னால் ஒளிவது, ஒளிந்த இடத்திலிருந்து முக்காலி போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பது. அவர் வைதார், விரட்டினார், ஒரு தடவை சாக்கைப் போட்டு மூடினார். சாக்கோடு பின்னால் வந்தது.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டது. வண்டி கிளம்புகிற நேரத்தில் பின்படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி உள்ளே நின்றது. டிரைவர் வெள்ளைச்சாமி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆளா, சாமானா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்வது பரஞ்சோதியின் வேலையாக இருந்தாலும் பயணிகள் அவருக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. தானாக ஏறினதால் ஆள்தான் என்றார் ஒருவர். சீட்டில் உட்காராததால் சாமான் என்றார் இன்னொருவர். கையில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண், குனிந்தால் சின்னப்பிள்ளை உயரம்தான் இருக்கிறது, இதற்குப் போய் டிக்கெட்டா என்றாள். உடனே அது எதையோ பார்க்கக் கழுத்தை நீட்ட, கூரையைத் தொட்டது. சாணார்பட்டி வருகிற வரைக்கும் பேசிப் பேசி, கடைசியில் அரை டிக்கெட் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பரஞ்சோதி தன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துத் தன் தோள்பைக்குள் போட்டு, அரை டிக்கெட்டைக் கிழித்து அதன் இடுக்கில் சொருகினார். வளைவுகளில் எல்லோரும் கம்பியைப் பிடித்துச் சாய்ந்தபோது அது எதையும் பிடிக்காமல் நேராக நின்றதைப் பார்த்து, ஒரு பெரியவர் தன் மருமகனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

அன்றைக்குப் பொழுது சாயக் காலனி அந்தப் பஸ் பயணத்தை டிவியில் பார்த்தது. முக்காலி மட்டும் முன்பே வீடு திரும்பியிருந்தது; பரஞ்சோதி இன்னும் வண்டியில் இருந்தார். திரையில் டிக்கெட் கிழித்தார், சில்லறை கேட்டார், படிக்கட்டில் நின்ற பையன்களை உள்ளே ஏற்றினார். கோபால்பட்டி நிறுத்தம் வந்ததும், காலனிக்கே தெரிந்த மாதிரி, எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பி நின்றுகொண்டு, வெளியே இருந்த புளிய மரத்தை அதில் என்னவோ எழுதியிருப்பதுபோலப் பார்த்தார். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், விசில் அடித்தார், வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் பின்படிக்கு ஓடி, கம்பியைப் பிடித்து உடம்பு முழுவதையும் வெளியே சாய்த்து, வந்த வழியையே பார்த்தார். ரோடு வளைந்து எல்லாம் மறைகிற வரைக்கும் பார்த்தார். அவருடைய தோளுக்கு அப்பால் தூரத்தில், நீலக் கதவு வைத்த ஒரு வீட்டு வாசலில், ஒரு பெண் தண்ணீர் கேனைத் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் போன ஒவ்வொரு தடவையும், வந்த ஒவ்வொரு தடவையும் அது அப்படியே இருந்தது.

ஜைனம்பு அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிவிட்டு, இதை வெளியே போட்டுவிடாதே அம்மா என்றார். தமயந்தி தலையை மட்டும் ஆட்டினாள். எல்லோரும் போன பிறகு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவளும் மகளும் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள், அதில் அப்பா என்ற சொல் மட்டும் வராது. மறுநாள் பேசும்போது, பஸ் போகிற நேரத்தில் வாசலில் உனக்கு என்ன வேலை என்று தமயந்தி கேட்டாள். கேன் எடுத்து வைக்க வாசலுக்கு வராமல் கூரை மேலேயா போகமுடியும் என்று சுபாஷிணி கேட்டாள். தமயந்தி அதற்கு மேல் கேட்கவில்லை. கணவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காலனியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை; ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டார்கள், அவருக்குத்தான் எதனால் இந்தத் திடீர்க் கரிசனம் என்று புரியவில்லை.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தமயந்தி உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் என்பதால், ஸ்டாண்டு நடக்கிறது, அதுவும் இஷ்டத்துக்கு நடக்கிறது என்று முன்பே எழுதி அனுப்பியிருந்தாள். "நடக்குறத குறைன்னு போட்டுக்கவா, கூடுதல் வசதின்னு போட்டுக்கவா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டு, மேலதிகாரியிடம் விசாரித்து வந்து, குறை என்றே போட்டிருப்பதாகவும், வியாழக்கிழமை சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்கொண்டு நடக்காத ஸ்டாண்டு ஒன்றைத் தருவார் என்றும் சொன்னாள்.

காலனி கொதித்துவிட்டது. வாசல் கேட்டைத் திறக்கவே கூடாது என்றார்கள். முக்காலியை மோட்டார் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடிப்போய்விட்டது என்று சொல்லலாம் என்றார் குற்றாலிங்கம். ஜைனம்புவோ அதற்குத் தன் பழைய பர்தாவைப் போட்டு நாத்தனார் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள். தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பார்க்கக் கொடுத்த சாமான் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான்தான், சொன்ன வாக்கு போனால் நாளைக்கு நான் எதை நல்லதென்று சொன்னாலும் யார் நம்புவார்கள் என்றாள். அவளுக்கும் அது வீட்டில் ஒரு ஆளாகிவிட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை எல்லோரும் விடைகொடுக்க வந்தபோது முக்காலி இல்லை; பரஞ்சோதியின் பின்னால் போய்விட்டிருந்தது. தமயந்தி அவரைப் போனில் பிடித்து, எங்கேயும் விட்டுவிடாமல் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னாள். தொல்லை ஒழிந்தது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, தன் துண்டை எடுத்துக் கடைசி சீட்டுக் கம்பியோடு அதை இறுக்கிக் கட்டினார். கட்டும்போது, அழுத்திவிடுமோ என்று முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியதை வெள்ளைச்சாமி கண்ணாடியில் பார்த்தார்.

கோபால்பட்டியில் பரஞ்சோதி புளிய மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், முக்காலி மூன்று கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக் குறுகி, துண்டுக்குள்ளிருந்து நழுவி, இறங்குகிறவர்களோடு இறங்கிவிட்டது. விசிலை வாயில் வைத்துத் திரும்பியவர் அது ரோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். வண்டியை நிறுத்த அடிக்கும் விசில் எது, எடுக்க அடிக்கும் விசில் எது என்று ஒரு நொடி மறந்துபோய் இரண்டையும் அடித்தார். பிறகு இறங்கி ஓடினார். மகளுக்குக் கல்யாணமான பிறகு அந்த ஊர் மண்ணில் அவர் கால் பட்டது அப்போதுதான்.

முக்காலி நீலக் கதவு வைத்த வீட்டு வாசலுக்குப் போய், அடுக்கி வைத்த கேன்களுக்குப் பக்கத்தில் கால்களை அகல விரித்து நின்றுகொண்டது. சுபாஷிணி கையில் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். பரஞ்சோதி சற்றுத் தள்ளியே நின்று, கேன்களிடம் சொல்வதுபோல, அந்த ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் அவள். தூக்கினால் வராது, தான் நடந்தால் பின்னால் வரும் என்றார். அப்படியானால் நடங்கள் என்றாள். அவர் திரும்பி நடந்தார். பின்னால் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தார், அது அசையவில்லை. மறுபடியும் வந்து, மறுபடியும் நடந்து காட்டினார். முதன்முறையாக முக்காலி அவர் பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று, அவர் போவதையும் வருவதையும் சுபாஷிணியையும் மாறி மாறிப் பார்த்தது.

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் குழந்தைக்கு முகம் கழுவ என்று, அரை டிக்கெட் நாளில் வந்த அதே குழந்தைக்காரப் பெண், பிறகு காற்று வாங்க என்று, அன்றைக்குப் போலவே மருமகனோடு வந்திருந்த பெரியவர், பிறகு காரணம் சொல்லாமலே மற்றவர்கள். சகாயராஜ் உள்ளேயிருந்து வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தான், மாமனாருக்கு ஒரு டம்ளரை நீட்டிவிட்டு நகர்ந்து நின்றான். அவர் அதை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"நான் வாசலுக்கு வர்றது கேன் எடுக்க இல்லப்பா" என்றாள் சுபாஷிணி.

பரஞ்சோதி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பிக்குவீங்களே."

"வண்டி எடுத்தப்புறம் பாப்பேன். வளைவு வரைக்கும்."

வெள்ளைச்சாமி நேரமாகிறது என்று ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டார். சுபாஷிணி ஈரத் துணியைக் கேன் மேல் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். பெரியவர் தன் மருமகனிடம், எதிர்ப்பக்கம் பார் என்று சொல்லி, தானும் புளிய மரத்தைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோருமே புளிய மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அதனால் அந்த இடத்தில் என்ன நடந்தது, யார் முதலில் கையை நீட்டினார்கள், யார் அழுதார்கள் என்பதையெல்லாம் பார்த்தது முக்காலி ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பரஞ்சோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிறது என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சகாயராஜ் சொன்னது அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. கண்டக்டர் இல்லாமல் வண்டி எப்படிப் போகும் என்று அவர் கேட்க, நத்தம் வரைக்கும் தாங்களே பார்த்துக்கொள்வதாகப் பயணிகள் சொன்னார்கள். குழந்தைக்காரப் பெண் அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி வாங்கினாள், பெரியவர் தோள்பையை மாட்டிக்கொண்டார். வண்டி கிளம்பியபோது முக்காலி நிதானமாக நடந்து போய், பின்படியில் ஏறி, கண்டக்டர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டது. பரஞ்சோதி அதைக் கூப்பிட வாயைத் திறந்தார், பிறகு விட்டுவிட்டார்.

நத்தத்தில் அது இறங்கியதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் போனது என்பதில் மட்டும் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துவரவில்லை. அழகர்கோவில் பாதையில் நடக்கிற கூட்டத்தோடு போனது என்றும், மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு வந்த பெண்கள் நடுவே நின்றது என்றும் சொல்கிறார்கள். சாயங்காலம் வந்த கம்பெனி ஆளுக்கு ஜைனம்பு டீ கொடுத்தாள், குற்றாலிங்கம் தன் பேச்சை முழுக்கச் சொல்லிக் காட்டினார், தமயந்தி நடந்ததை நடந்தபடி சொன்னாள். வந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பயன்பாட்டின்போது புறப்பட்டுப் போனது என்று எழுதிக்கொண்டு, நடக்காத ஸ்டாண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் அவள் இப்போதும் பேசுகிறாள்; உறுதியான சாமான், சொன்ன இடத்தில் நிற்கும், அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடம் சொல்லியும்விட்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. பஸ் வளைவில் மறைந்த அந்த மத்தியானத்தில், பரஞ்சோதி செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றிவிட்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, மகள் வீட்டுக்குள் போனார். சகாயராஜ் பாயை விரித்தான். சுபாஷிணி தட்டை வைத்துச் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அவர் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். வீட்டுக்குள் எத்தனையோ சாமான் வந்து போயும் எதைப் பற்றியும் இதுவரை ஒரு வார்த்தை அபிப்பிராயம் சொல்லியிராத மனிதர், தட்டைப் பார்த்தபடியே, "புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

"ஒரு வேளை சாப்பிட்டுட்டு எப்படிப்பா சொல்ல முடியும்?" என்றாள் சுபாஷிணி. "நாலு நாள் தொடர்ந்து சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

பரஞ்சோதி கொஞ்சம் யோசித்தார். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார்.